பெயர் முதலில் தெரியட்டும்

(வேலை தேடும் இளைஞருக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலைக்கு மனுப்போடும்போது சுயவிபரக்கோவை கேட்கிறார்கள். நாம் டவுனிலுள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போய், "நீங்களே பார்த்து அடிச்சுக் குடுங்க" என்று விட்டுவிடுகிறோம். பூப்போட்ட ஓரம், நாலு வகை எழுத்து, மேலே கொட்டை எழுத்தில் 'சுயவிபரக்கோவை' என்ற தலைப்பு. பிள்ளையின் பெயரோ கீழே எங்கேயோ ஒளிந்திருக்கும்.

கொக்கா கோலா போத்தலைப் பாருங்கள். படம் ஒன்றும் இல்லை, பெயரே முத்திரை. 1880களில் அந்த எழுத்தை எழுதிய பிராங்க் ரொபின்சன் அங்கே கணக்கு எழுதியவர்தான். ஒரு பெயரைத் துலக்கமாக எழுதினால் அதுவே அடையாளமாகிவிடும்.

நாமும் அப்படியே செய்வோம். தாளின் உச்சியில் பெயரை மட்டும் 22 அல்லது 24 அளவில் வைப்போம். அதன் கீழே விலாசமும் தொலைபேசி இலக்கமும் சிறிதாக வரட்டும். மற்றதெல்லாம் ஒரே வகை எழுத்தில், 11 அல்லது 12 அளவில் போதும். தலைப்புகளை மட்டும் தடிப்பாக்குவோம். நான்கு பக்கமும் ஓர் அங்குலம் வெறுமையாக விடுவோம். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே சுழியும் வருவதால் வரிகளை நெருக்கக் கூடாது.

பாமினியில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். அதனால் யுனிகோட்டில் அடித்து, பீடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லுங்க.

எல்லாவற்றிலும் முக்கியம், பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருந்தால், இப்பவே பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் ஓடித் திரிந்து பலனில்லை.

1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன் பாட்டிமார் நாடற்றவர்களானார்கள். தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருந்தது, அதுவும் எழுதியவர் காதில் விழுந்தபடி. எஞ்சியிருந்தவர்களுக்கும் வழி திறந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அவ்வளவு காலம் காத்திருந்து பதிவான பெயரை நாமே மூன்றாம் வரியில் ஒளித்து வைக்கலாமா?

தம்பி தங்கைமாரே, இந்தத் தாளில் உங்கள் பெயரை எழுதுவது நீங்கள்தான். பிழையில்லாமல், நிமிர்ந்து நிற்கும்படி எழுதுங்கள்.