வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தால்...

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயத்தை நம் வீடுகளில் யாரும் கூடத்தில் உட்கார்ந்து பேசுவதில்லை. அது பெருங்குடல். நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்தில் காலம் கழித்தவன். ஆனால் கொலோனோஸ்கோப்பியில் இப்போது பயன்படும் ஒளி விஷயம் பௌதிகம் படித்தவனுக்குப் பிடிபடக்கூடியதுதான்.

என் அத்திம்பேர் ஒருவருக்கு மலத்தில் ரத்தம் வந்தது. "மூலந்தான், உஷ்ணம்" என்று கருணைக்கிழங்கும் மோரும் லேகியமுமாக இரண்டு வருஷம் ஓட்டினார். பரிசோதனை செய்தபோது வியாதி கல்லீரல் வரை போய்விட்டது. "நாம் சுத்த சைவம், நமக்கு வராது" என்பார். சைவ ஆகாரம் அபாயத்தைக் குறைக்கலாம், அறவே நீக்கிவிடாது.

பெருங்குடல் சுமார் 5 அடி நீளம். அதன் உட்சுவரில் மொட்டுப் போல வளரும் சதைக்குப் பாலிப் என்று பெயர். எல்லாப் பாலிப்பும் கெட்டதல்ல. அடினோமா என்ற வகையில் சில, பெரும்பாலும் 10 வருஷமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு, புற்றுநோயாக மாறுகின்றன. அந்த அவகாசத்தில் கண்டுபிடித்தால், அதே குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிடலாம். அப்படி எடுக்கப்பட்டவர்களை நெடுங்காலம் கவனித்த அமெரிக்க ஆய்வு 2012-ல் வெளிவந்தது. இந்த நோயால் அவர்களிடையே நேர்ந்த மரணங்கள், எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவு.

ஆனால் கண்ணில் பட்டால்தானே எடுக்க முடியும்? ஒரே நபருக்கு ஒரே நாளில் இரண்டு முறை செய்து பார்த்த ஆய்வுகளை 2006-ல் தொகுத்தார்கள். முதல் முறையில் 100-க்கு 22 பாலிப்புகள் தப்பியிருந்தன. பெரும்பாலும் சிறியவை; சில தட்டையாகச் சுவரோடு சுவராக இருப்பவை.

இங்கேதான் ஒளி வருகிறது. வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் உண்டு. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியையும் 540 நானோமீட்டர் பச்சை ஒளியையும் நன்றாக உறிஞ்சும். இந்த இரண்டை மட்டும் பாய்ச்சினால் ரத்தக் குழாய்கள் கறுத்துத் தெரியும். நீல ஒளி ஆழமாகப் போகாததால் மேற்பரப்பின் நுண்குழாய்கள் திரையில் பழுப்பாகத் துலங்கும். அடினோமாவில் இவை அதிகம். ஜப்பானில் உருவான இந்த முறைக்கு நாரோ பேண்ட் இமேஜிங் என்று பெயர். நிறம், ரத்தக் குழாய், மேற்பரப்பின் கோலம் ஆகிய மூன்றையும் பார்த்து, இது சாதுவா, அடினோமாவா, ஆழமாக வேர்விட்ட புற்றா என்று டாக்டர் அங்கேயே மதிப்பிடலாம். ஆயினும் எடுத்ததை லேபில் சோதிப்பதே வழக்கம்.

இன்னொரு முறை, இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயத்தைத் தெளிப்பது. தரையில் தண்ணீர் கொட்டினால் பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று தெரிகிறதல்லவா, அதே தத்துவம். சந்தேகமான இடத்தைக் கட்டம் போட்டுக் காட்டும் கம்ப்யூட்டர் முறைக்கும் 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இவ்வளவு இருந்தும், குடல் சுத்தமாக இல்லையென்றால் எந்த ஒளியும் உதவாது. நாரோ பேண்ட் முறையால் கூடுதல் அடினோமா அகப்படுவது, குடல் மிக நன்றாகச் சுத்தமாகியிருக்கும்போதுதான் தெளிவாகத் தெரிகிறது என்று 2019-ல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. அந்தப் பொறுப்பு டாக்டருடையது அல்ல, நம்முடையது. ஓரிரு நாள் முன்பிருந்தே கீரை, விதையுள்ள பழம் வேண்டாம். பேதி மருந்தைப் பாதி முதல் நாள் மாலையும் மீதி அன்று விடியற்காலையும், சொன்ன நேரத்தில் முழுவதும் குடிக்க வேண்டும். "போதும், வயிறு காலியாகிவிட்டது" என்று நாமே முடிவு கட்டக்கூடாது. வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்கோ, ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டாக்டர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: குழாயை வெளியே இழுக்கும்போது குறைந்தது 6 நிமிஷமாவது நிதானமாகப் பார்ப்பது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

யார் போக வேண்டும்? ரத்தப்போக்கு, காரணமில்லாத சோகை, மலப் பழக்கத்தில் மாறுதல் இருந்தால் எந்த வயதிலும் தாமதிக்கக்கூடாது. தொந்தரவே இல்லாதவர்களுக்கும் 45 வயதில் பரிசோதனையைத் தொடங்கலாம் என்று அமெரிக்க நிபுணர் குழு 2021-ல் கூறியது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்கு 10 வருஷம் முன்பாக. 75-ஐத் தாண்டியவர்களுக்கு எல்லோருக்கும் அவசியமில்லை. உடல்நிலையைப் பார்த்து டாக்டர் சொல்வார்.

நம்மைவிட நம் பிள்ளைகளுக்கும் மாப்பிள்ளைகளுக்கும் மாட்டுப்பெண்களுக்கும்தான் இந்தத் தகவல் அதிகம் தேவை. குடும்பத்தில் யாருக்கு இந்த வியாதி வந்தது என்பதை மூடி மறைக்காமல், வயதோடு அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுத்தான் அவர்களுடைய டாக்டர் நாள் குறிப்பார்.