உடுப்பைக் கழற்றிய பிறகு

 

படையிலிருந்து திரும்பியவரை நம் தெருவில் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மிலிட்டரிக்காரர்' என்போம். கப்பற்படையில் இருந்தவருக்கும் அதே பேர்தான். அந்தப் பேரில் ஒரு மரியாதை உண்டு. தெருமுனையைத் தாண்டி ஊருக்குள் போனால் அந்த மரியாதை கூட வருவதில்லை. உடுப்பைக் கழற்றிய பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதையே இந்த ஆண்டு நினைவுரைக்கு எடுத்துக்கொண்டோம்.

முதலில் கப்பற்படையைப் பார்ப்போம். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' கடற்படைத் தளத்து மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வாயில் வைக்க முடியாத சாப்பாடும், வெள்ளை அதிகாரியின் இழிவான வசவும் உடனடிக் காரணங்கள். சென்னையில் 'அடையாறு' தளத்து மாலுமிகளும் சேர்ந்துகொண்டார்கள். பழிவாங்கல் இருக்காது என்று தேசியத் தலைவர்கள் கொடுத்த வாக்கை நம்பி, பிப்ரவரி 23 அன்று சரணடைந்தார்கள். பிறகு 476 பேர் வேலையை இழந்தார்கள். அடுத்த ஆண்டு விடுதலை வந்தது. இந்தியக் கடற்படையும் அவர்களைத் திரும்ப எடுக்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் எடுக்கவில்லை. இரண்டு நாடுகள் பிறந்தும் அவர்களுக்கு ஒரு வேலை பிறக்கவில்லை.

தரைப்படையில் சேர்ந்தவர்கள் நிலையும் பெரிதாக வேறில்லை. சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 15 ஆண்டுச் சேவை வேண்டும். உலகப்போருக்கு ஆள் எடுத்தபோது போய், போர் முடிந்ததும் அனுப்பப்பட்டவர்கள் கையில் ஒரு டிஸ்சார்ஜ் தாளோடு வந்தார்கள். அந்தத் தாளை ஊர்க் கிணற்றடியில் காட்டித் தண்ணீர் எடுக்க முடியாது. தேநீர்க் கடையில் காட்டி மற்றவர் குடிக்கும் தம்ளரைக் கேட்க முடியாது.

அந்தத் தலைமுறையில் இருவரை நாம் நன்கு அறிவோம். இருவரும் 1924இல் பிறந்தவர்கள். இருவரும் படைக்குப் போய்த் திரும்பியவர்கள்.

ஒருவர் இராமநாதபுரம் மாவட்டம் செல்லூரில் பிறந்த தியாகி இம்மானுவேல் சேகரன். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றவர். 1945இல் இராணுவத்தில் சேர்ந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பித் தீண்டாமைக்கு எதிராக மக்களைத் திரட்டினார். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் நடந்த சமாதானக் கூட்டத்தில், சமமானவராக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது 33 வயதுகூட நிறையவில்லை. அவருக்கு அஞ்சல்தலை வெளியிட அரசுக்கு 2010 வரை ஆயிற்று.

இன்னொருவர் நம் மண்ணின் மனிதர், காட்டுமன்னார்கோயில் பெரியவர் எல். இளையபெருமாள். பள்ளியில் நம் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தவர். பிறகு இராணுவத்துக்குப் போனார். நெடுநாள் இருக்கவில்லை. திரும்பி வந்து, சாவுக்குப் பறையடிக்கும் கட்டாயத்துக்கும் பண்ணை அடிமைத்தனத்துக்கும் எதிராக நின்றார். 1952இல், 27 வயதில், கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். 1957இல் சிதம்பரத்திலிருந்து மறுபடியும் போனார்.

பட்டாளம்தான் நமக்குச் சுயமரியாதை கற்றுத் தந்தது என்று சிலர் சொல்வார்கள். நாம் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பானை உடைந்தது உடுப்பு போடுவதற்கு முன்னால். சேகரன் சிறை சென்றதும் உடுப்புக்கு முன்னால். சுயமரியாதையை இவர்கள் வீட்டிலிருந்தே எடுத்துப் போனார்கள். நம் உழைப்பும் உயிரும் வேண்டும்போது அரசு சாதி பாராமல் கூப்பிடும், வேண்டாதபோது சேரிக்கே திருப்பி அனுப்பிவிடும் என்பதைத்தான் பட்டாளம் காட்டிக்கொடுத்தது. அதைப் பார்த்தவரால் பழையபடி குனிய முடியவில்லை. அவர்கள் பட்ட பாடெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

பெரியவர் தான் கண்டதைக் கணக்காகவும் எழுதிவைத்தார். 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை ஒழிப்புக் குழுவுக்கு அவர் தலைவர். நாடெங்கும் சுற்றி, கிணறு, கோயில், தேநீர்க் கடை, பள்ளிக்கூடம் என்று விசாரித்துப் பதிவு செய்தார்கள். 1969இல் அறிக்கை வந்தது. பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 1970இல் தமிழ்நாடு அதற்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. பரம்பரை உரிமை போனது செல்லும் என்று 1972இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் ஆகமத்தின் பெயரால் ஒரு கதவு மூடியே இருந்தது. அந்தக் கதவை இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறோம். கடைசிக் காலத்தில் காங்கிரசை விட்டு வெளியேறி மனித உரிமைக் கட்சி கண்ட அவர், 2005இல் மறைந்தார்.

தோழர்களே, இந்த இருவருக்கும் சிலையும் கூட்டமும் உண்டு. அவர்களோடு போன மற்றவர்களுக்கு என்ன இருக்கிறது? கடலூர் முதுநகரிலிருந்தும் சிதம்பரத்தைச் சுற்றிய சேரிகளிலிருந்தும் கப்பலுக்கும் படைக்கும் போனவர்களின் பெயர்களை நாம் எழுதவில்லை என்றால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

அதனால் எங்கள் மன்றம் ஒரு வேலையைக் கேட்டுக்கொள்கிறது. வீட்டுக்குப் போய் அந்தப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் தாள், பதக்கம், போட்டோ எது இருந்தாலும் நகல் எடுத்துக் கொண்டுவாருங்கள். தாத்தா எந்த ஆண்டு போனார், எப்போது வந்தார், வந்த பிறகு என்ன வேலை பார்த்தார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். உலகப்போர் வீரர்களின் விதவைகளுக்கு மாநில அரசின் மாத உதவி உண்டு. பெறாதவர் யாரும் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நாமே அழைத்துப் போவோம்.

குடித்துத் திரிந்தார், யாரோடும் பேசமாட்டார் என்று நாம் சிரித்துக் கடந்துபோன மிலிட்டரிக்காரர்களும் அந்தப் பட்டியலில் வரட்டும். குனிய முடியாத எல்லோராலும் தலைவராகிவிட முடியாது. சிலர் திண்ணையிலேயே நொறுங்கிப்போனார்கள். அவர்களும் நம்மவர்கள்தான். அவர்கள் பெயரையும் எழுதுவோம்.

ஜெய்பீம்.