விண்டோஸ் கேம், லினக்ஸ் லேப்டாப்: எது ஓடும், எது ஓடாது?

இந்த வாரம் என் தம்பியோட லேப்டாப் கதை. உண்மையில் அது என்னோடது. 2015-ல் இன்ஜினியரிங் சேர்ந்தப்போ அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்தது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுது. விண்டோஸ் 11-க்கு இந்தப் பழைய புராசஸர் ஆகாது. "லினக்ஸ் போட்டுடலாம்டா"ன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்விதான்: "கேம் ஓடுமாண்ணா?"

நியாயமான கேள்வி. கேமோட கணக்கையெல்லாம் போடுறது புராசஸர். அது மாறப்போறதில்லை. ஆனா ஃபைலைத் திற, சத்தம் கொடு, படம் வரைன்னு கேம் கேட்கிறதெல்லாம் விண்டோஸ்கிட்ட. ஹோட்டல்ல நெய் ரோஸ்ட் சொல்றோம். உள்ளே மாஸ்டர் மாறியிருந்தா நமக்கென்ன, ரோஸ்ட் வந்தா போதும். வைன் அந்தப் புது மாஸ்டர். அதே ஆர்டரை வாங்கி, லினக்ஸ் வழியா முடிச்சுக் கொடுக்கும். 1993-ல் ஆரம்பிச்ச வைன், 1.0 பதிப்பைத் தொட 15 வருஷம் ஆச்சு.

கிராஃபிக்ஸ்தான் பெரிய தலைவலியா இருந்தது. டைரக்ட்எக்ஸ்ல கேட்கிறதை வல்கனுக்கு மாத்துற டிஎக்ஸ்விகே வந்த பிறகுதான் வேகம் கிடைச்சது. 2018 ஆகஸ்டில் வால்வ் இதையெல்லாம் சேர்த்து, புரோட்டான்ங்கிற பேரில் ஸ்டீமுக்குள்ளேயே கொண்டுவந்தது. 2022-ல் வந்த ஸ்டீம் டெக்கில் விண்டோஸ் கேம்கள் ஓடுறதும் இதனாலதான்.

இதெல்லாம் தெரிஞ்ச திமிர்ல "எல்லாம் ஓடும்டா"ன்னு சொல்லி, டிஸ்க்கை அழிச்சு லினக்ஸ் போட்டுட்டேன். பழைய நீட் ஃபார் ஸ்பீட் ஜோரா ஓடிச்சு. ஆனா சனிக்கிழமை ராத்திரி அவன் ஸ்கூல் நண்பர்களோட ஆடுற ஆன்லைன் கேம் திறக்கவே இல்லை.

காரணம், ஆன்டி-சீட். ஏமாத்துறவங்களைப் பிடிக்கிற அந்த மென்பொருள், சில கேம்களில் விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே போய் உட்காரும். வைன்ல அந்தக் கெர்னலே கிடையாது. வேறு சில ஆன்டி-சீட்கள் புரோட்டானில் வேலை செய்யும். ஆனா கேம் கம்பெனி அதை அனுமதிக்கணும். அது நம்ம கையில் இல்லை.

தம்பி கோபப்படலை. "பரவாயில்லண்ணா"ன்னான். அதுதான் குத்திச்சு. அவனுக்கு முக்கியம் கேம் இல்லை, அந்த சனிக்கிழமை கூட்டம். அதை நான் கேட்கவே இல்லை.

அதனால, மாறுறதுக்கு முன்னாடி புரோட்டான்டிபி தளத்தில் உங்க கேம் பேரைத் தேடிப் பாருங்க. ஆன்லைன் கேம்னா ரெண்டு தடவை பாருங்க. அதுவரை டிஸ்க்கை அழிக்காதீங்க.

இப்போ சனிக்கிழமைன்னா என் லேப்டாப் தம்பிகிட்ட. அவனோடதுல நான் கார் ஓட்டிட்டு இருக்கேன். அடுத்த வாரம் பார்ப்போம்!