செல்லாத நோட்டுகள் சொல்லும் செய்தி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு விழாவில், நாங்கள் ஐவர் சேர்த்த பழைய நாணயத்தாள்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினோம். முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், "தம்பிமாரே, செல்லாத காசைச் செல்லுகிற காசு கொடுத்து வாங்குகிறீர்களே, இது என்ன கணக்கு?" என்று கேட்டார். சபை சிரித்தது, நாங்களும் சிரித்தோம். விடை மட்டும் சொல்லவில்லை. அன்று எங்களுக்குத் தெரியவில்லை என்பதே உண்மை. சம்பள நாளில் லயத்துக்குள் வரும் நோட்டு, மறுநாளே கடைக் கணக்கைத் தீர்க்கப் போய்விடுகிறது. அதைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கும் வசதி எங்கள் வீடுகளில் எவருக்கும் வாய்த்ததில்லை. ஆகவே, பெரியவரின் கேள்வி நியாயமானதே. அதற்குத்தான் இன்று விடை கூற வந்திருக்கின்றோம்.

இந்த ஆசை எங்களைப் பற்றியது மிஷன் பாடசாலையில். அங்கே வயது முதிர்ந்த பாதிரியார் ஒருவர், வேதாகமத்தில் பக்கம் மறவாதிருக்க ஒரு பழைய பிரெஞ்சு நோட்டை வைத்திருப்பார். அவர் ஓய்வுபெற்றுப் போகும்போது அதை எங்களிடம் தந்தார். இந்தோசீனா வங்கி சைகோனில் வெளியிட்ட ஒரு பியாஸ்தர் நோட்டு அது. அதன் மேல் 1875 என்று கண்டதும், நூற்றைம்பது ஆண்டுப் பொக்கிஷம் கிடைத்ததென்று டயகம கடைவீதியெங்கும் பறைசாற்றினோம். பிறகுதான் விஷயம் வெளியாயிற்று. 1875 ஜனவரி 21 என்பது அவ்வங்கியை நிறுவிய அரசாணையின் தேதி. அதன் பின் வந்த 1888, 1900, 1901ஆம் ஆண்டு ஆணைகளின் தேதிகளையும் அவ்வங்கி தன் நோட்டுகளில் அச்சிட்டது. நோட்டு அச்சான காலத்துக்கும் அத்தேதிகளுக்கும் சம்பந்தமில்லை. புதிதாகச் சேர்ப்பவர்கள் முதலில் வழுக்கி விழும் இடம் இதுவே. நாங்களும் நன்றாகவே விழுந்தோம்!

அந்த அவமானம் ஒரு நன்மை செய்தது. அந்த வங்கியின் கதையைத் தேடிப் படித்தோம். அது எந்த நாடுகளுக்காக நிறுவப்பட்டது தெரியுமா? கொச்சின்சீனா எனப்பட்ட தென்வியட்நாமுக்கும், பிரெஞ்சு இந்தியாவுக்கும். பிரெஞ்சு இந்தியா என்றால் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானாம், சந்திரநாகூர். ஆக, ஒரே வங்கி சைகோனில் பியாஸ்தரும் புதுச்சேரியில் ரூபாயும் வெளியிட்டது. அந்தப் புதுச்சேரி ரூபாய் நோட்டில் பிரெஞ்சு மொழியோடு தமிழும் இடம்பெற்றது. பிரெஞ்சு நோட்டு என்று நாங்கள் தேடப்போனது, கடைசியில் தமிழ் நோட்டாக வந்து நின்றது.

அவ்வரிசையில் 50 ரூபாய்த் தாள் மிக அழகியது. அதிலே 1742 முதல் 1754 வரை புதுச்சேரியில் ஆளுநராயிருந்த துய்ப்ளேயின் முகம் இருக்கிறது. அவரைப் பிரான்சு திருப்பியழைத்து இருநூறு ஆண்டுகள் கழித்து, 1954 நவம்பர் 1ஆம் திகதி, புதுச்சேரி நிர்வாகமே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. துய்ப்ளேக்குத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப்பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு மட்டும் இன்றும் படிக்கப்படுகிறது. எசமானரின் முகம் பதித்த நோட்டு செல்லாமற் போயிற்று. துபாஷியின் எழுத்து செல்லுகிறது. அந்த 50 ரூபாய் எங்களிடம் இல்லை. விலை எங்கள் கைக்கு எட்டாது. படத்தில் பார்த்ததோடு சரி.

சைகோன் நோட்டுக்கு மீண்டும் வருவோம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அந்நகரில் பெரும் வட்டித்தொழில் நடத்தினார்கள். மாரியம்மனுக்கு அங்கே கோயில் இருக்கிறது. பிற்காலத்துப் பியாஸ்தர் நோட்டுகளில் சீனம், வியட்நாமியம், கெமர், லாவோ எல்லாம் உண்டு. அதைக் கட்டுக்கட்டாகக் கடன் கொடுத்த தமிழனின் எழுத்தை அதில் தேடினோம், காணவில்லை.

இனி, கடன் கொடுத்தவரை விட்டுக் கடன்பட்டவரிடம் வருவோம். 1848இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் எம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். ரியூனியன் தீவுக்கும், அதற்கும் அப்பால் குவாதலூப்பு, மார்த்தினிக்கு வரைக்கும் போனார்கள். அதே பஞ்சம், அதே கடன், அதே பொய் வாக்கு. எங்கள் பாட்டன்மார் மண்டபத்தில் தோணியேறித் தலைமன்னாரில் இறங்கினர். அவர்கள் காரைக்காலில் ஏறினர். கொடியும் துறையுமே வேறு. ரியூனியனில் இன்றும் தீமிதி நடக்கிறது; ஆனால் தமிழ் பேச்சில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அத்தீவில் இப்போது யூரோதான் வழங்குகிறது. பாரிஸில் வேலைசெய்யும் நண்பரின் அண்ணன் அனுப்பிய யூரோத் தாளின் பின்புறத்தில், ஐரோப்பிய வரைபடத்தின் அடியில் சின்னஞ்சிறு கட்டங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று ரியூனியன். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். அரிசி மணியை விடச் சிறிதாக இருந்தது.

செனகல், ஐவரிகோஸ்ட், டோகோ முதலிய நாடுகளின் பிராங்கு நோட்டுகளும் எங்களிடம் உண்டு. எல்லாம் ஒரே அச்சு. நாட்டுக்கு ஓர் எழுத்து மட்டும் வேறு. செனகலுக்குக் கே, டோகோவுக்கு டி. சேர்ப்போருக்கு அது நல்ல வேட்டை என்பதைத் தவிர அதிகம் சொல்வதற்கில்லை.

மொரீசியஸைப் பற்றித்தான் சொல்லவேண்டும். 1715 முதல் 1810 வரை அது பிரெஞ்சுத் தீவு. பின்பு ஆங்கிலேயர் ஆண்டனர்; ஆயினும் பிரெஞ்சு மொழி போகவில்லை. புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர் பிரெஞ்சுக்காலத்திலேயே அங்கே சென்றனர். 1834க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளும் சென்றனர். அந்நாட்டு நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசை வழக்கமாயிருந்தது. 1998இல் வெளிவந்த புதிய நோட்டுகளில் தமிழ் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டது. தாங்களே முன்னர் வந்தவர்கள் என்று கூறித் தமிழர் எதிர்த்தனர். வங்கி அந்நோட்டுகளை மீட்டுக்கொண்டு, தமிழைப் பழைய இடத்தில் வைத்து மீண்டும் அச்சிட்டது. 100 ரூபாய்த் தாளில் இருப்பதும் தமிழர் ஒருவரின் முகமே: வழக்கறிஞரும் அமைச்சருமாயிருந்த ரங்கநாதன் சீனிவாசன். அந்த 100 ரூபாய் எங்களிடம் இருக்கிறது. கரும்பு வெட்டப்போன சனத்தின் முகம் நோட்டில் ஏறியதைக் கையில் வைத்துப் பார்த்தபோது, எங்களுள் ஒருவரும் நெடுநேரம் பேசவில்லை.

பெரியவரின் கணக்குக்கு எங்கள் விடை இதுதான். அத்தீவுகளுக்குச் சென்ற எம்மவர் என்னவானார்கள் என்று கேட்க இந்த நோட்டுகள் எங்களைத் தூண்டின. கேட்கக் கேட்க, எங்கள் வீட்டுக் கதையை இன்னும் கேட்கவில்லையே என்ற வெட்கம் வந்தது. கங்காணியின் கடனை எழுதிய துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. ஒரு துண்டையாவது எங்களுள் எவரும் கண்டதில்லை. 1948இல் நாடற்றவரானோம். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று எழுதினார்கள். எத்தனை விண்ணப்பங்கள், எத்தனை பாஸ்போட்டுகள், போனவர் எழுதிய எத்தனை கடிதங்கள்! எங்களுள் ஒருவரின் அப்பாயி, கப்பல் சீட்டைப் பல ஆண்டுகள் வைத்திருந்து, லயத்துக் கூரை ஒழுகி நனைந்தபின் அடுப்பில் போட்டுவிட்டாராம். "அது எதுக்குய்யா, செல்லாத கடுதாசி" என்றார்.

ஆகையால் அடுத்த விழாவுக்கு இரண்டாவது கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்யச் சங்கம் இசைந்திருக்கிறது. டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய தாள் எதுவானாலும் தயவுசெய்து கொண்டுவாருங்கள். கிழிந்திருந்தால் ஒட்டவேண்டாம், மடிப்பு நீங்க இஸ்திரி போடவேண்டாம், பிளாஸ்டிக்கில் அடைக்கவும் வேண்டாம். ஞாயிறு மாலைகளில் சங்க அறையில் இருப்போம். நீங்கள் பார்த்திருக்கப் படமெடுத்துக்கொண்டு அப்போதே உங்கள் கையில் திருப்பித் தருவோம்.