சிற்றோடமும் தூண்டிலும்

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு வடக்கே, வத்தளை, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம என நீண்டு செல்கிறது ஒரு மணற்கரை. விடியுமுன் அங்கே சென்று நிற்போர் தெப்பம் இறங்கும் காட்சியைக் காணலாம். மரங்களைப் பிணைத்துக் கட்டிய பழைய தெப்பம் இன்று அருகிவிட்டது. நாரிழைக் கண்ணாடியால் வார்த்த தெப்பங்கள் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. ஆயினும் முறை மாறவில்லை. தெப்பக்காரன் ஓடத்தின் உள்ளே அமர்வதில்லை. அதன் மேலே அமர்கிறான். அலை ஏறினால் நீர் தானே வழிந்துவிடும். கவிழ்ந்தாலும் தெப்பம் மூழ்காது. கட்டுமரம் என்னும் நம் சொல்லையே ஆங்கிலேயர் தம் மொழியிற் சேர்த்துக்கொண்டனர் என்பது நேயர்கள் அறிந்ததே. அச்சொல் இன்று இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுகளுக்குப் பெயராய் நிற்பது வேறு கதை.

இத்தெப்பத்தை மனத்திற் கொண்டு, மேனாடுகளிற் பரவியுள்ள ஒரு விளையாட்டை நோக்குதல் பொருந்தும். கயாக் எனப்படும் சிற்றோடத்தில் தனித்துச் சென்று தூண்டிலால் மீன் பிடிக்கும் போட்டியே அது.

கயாக், வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இனுயிற் மக்களின் வேட்டை ஓடம். கரையொதுங்கிய மரத்தாலோ திமிங்கில எலும்பாலோ சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்துவார்கள். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல, வேட்டைக்காரனின் உடலளவுக்கு ஏற்பவே அஃது ஆக்கப்படும். 1970களில் கலிபோர்னியாவில், மேலே அமர்ந்து செல்லத்தக்க கயாக்குகளைச் செய்யத் தொடங்கினர். ஏறிய நீர் வடியும்படி அவற்றில் துளைகளும் அமைத்தனர். நம் தெப்பக்காரர் தலைமுறை தலைமுறையாய்க் கையாண்ட விதிக்கு, உலகின் மறுகோடியில் இருந்தவர் வேறொரு வழியாக வந்து சேர்ந்தனர் எனலாம். 1997 இல் ஹோபி என்னும் படகு நிறுவனம் காலால் மிதித்துச் செலுத்தும் பொறியொன்றை வெளியிட்டது. துடுப்பைப் பிடித்த கைகள் இரண்டும் அதன்பின் தூண்டிலுக்கு விடுதலையாயின. அந்நிறுவனத்தின் ஆதரவில் 2011 இல் அவுஸ்திரேலியாவில் உலகப் போட்டியே நடைபெற்றது.

இப்போட்டிகளின் விதி கேட்போர்க்கு வியப்பளிக்கும். பலவற்றில் மீனை நிறுப்பதில்லை, அளக்கிறார்கள். பிடித்த மீனை ஓடத்தில் வைத்த அளவுப் பலகையிற் கிடத்தி, மூடிய வாய் பலகையின் தலைப்பைத் தொடும்படி வைத்துப் படம் எடுக்க வேண்டும். அன்று காலை கொடுக்கப்பட்ட அடையாளச் சீட்டும் அப்படத்திற் காணப்படுதல் வேண்டும். நேற்றைய மீனை இன்றைய மீனாக்கும் தந்திரத்துக்கு அது தடை. பின்னர் மீனை உயிரோடு நீரில் விட்டுவிட வேண்டும். குறித்த எண்ணிக்கையான மீன்களின், பெரும்பாலும் ஐந்து மீன்களின், நீளத்தைக் கூட்டி வெற்றியைத் தீர்மானிக்கின்றனர். சட்டிக்கு வராத மீனுக்காக இத்தனை பாடா என்று வத்தளைச் சந்தையில் ஒருவர் கேட்டால், அவர்மேற் குற்றமில்லை.

விடை கொடுவா மீனிடத்தில் இருக்கிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகங்களையும் களப்புகளையும் விரும்பி வாழும் இம்மீன், ஆணாகவே முதிர்ச்சி அடைந்து, சில ஆண்டுகள் கழிந்தபின் பெண்ணாக மாறும் இயல்புடையது. ஆதலால் மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் தாய்மீன். அதனை அளந்து நீரில் விடுபவன், அடுத்த பருவத்துக் குஞ்சுகளையும் சேர்த்தே விடுகிறான். மீனை நெடுநேரம் வெயிலில் வைத்துப் படம் எடுப்பவனுக்கு இந்தப் பெருமை இல்லை. கையை நனைத்துத் தொட்டு, விரைந்து அளந்து, நீரிற் பிடித்து, அது தானாக நீந்தும்வரை பொறுத்திருப்பவனே விதியின் பொருளை உணர்ந்தவன்.

வத்தளை இளைஞன் ஒருவன் இத்தகைய போட்டிக்கு ஆயத்தம் செய்வதாயின், பயிற்சிக்களம் அவன் வீட்டு வாயிலிலேயே உண்டு. ஆங்கிலேயர் 1802 இல் வெட்டத் தொடங்கி 1804 இல் முடித்த ஹமில்டன் கால்வாய், களனிப் பக்கத்திலிருந்து நீர்கொழும்புக் களப்பை நோக்கி வடக்கே செல்கிறது. அலையில்லாத அந்நீரில் நேராகச் செலுத்தவும், ஓசையின்றி நிறுத்தவும், அமர்ந்தபடியே தூண்டில் வீசவும் பழகலாம். அப்பால் முத்துராஜவெலச் சதுப்புநிலம். அதன் வடபகுதி 1996 இல் சரணாலயமாக்கப்பட்டது. ஆகவே அங்கே தூண்டில் எடுப்பதற்கு முன்னர் வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும். முதலைகளும் அங்கு வாழ்கின்றன. காலை நீரில் தொங்கவிட்டுப் பாட்டுப் பாடும் இடமன்று அது.

தூண்டில் வித்தையைக் காட்டிலும் முதலிற் பழக வேண்டியது கவிழ்தல். ஆம், வேண்டுமென்றே கவிழ்தல். துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, கரையோரத்து ஆழமான நீரில், உயிர்காப்பு அங்கியுடன் ஓடத்தைப் புரட்டி, மறுபடி நிமிர்த்தி, மார்பைக் குறுக்கே போட்டு ஏற வேண்டும். பத்துமுறை ஏறியவன் பதினோராம் முறை பதறான். இரண்டு தூண்டில்களையும் தங்கூசியையும் கொளுக்கிகளையும் ஓடத்தில் பரப்பிய நிலையிலும் ஒருமுறை கவிழ்ந்து பார்க்க வேண்டும். கட்டப்படாத பொருள் யாவும் அப்போது ஆற்றுக்குக் காணிக்கையாகும். இந்தப் பாடத்தைச் செலவில்லாமல் கற்றவர் மிகச் சிலரே.

அடுத்தது நீரை வாசித்தல். கொழும்புக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அச்சிறு ஏற்றத்தாழ்வே கால்வாயின் வாயில்களில் நீரோட்டத்தைத் திருப்பி, மீன் இரை தேடும் நேரத்தை மாற்றிவிடும். மலைநாட்டில் மழை பெய்தால், வத்தளையில் வானம் தெளிந்திருந்தாலும், களனி கலங்கிப் பெருகி மரக்கிளைகளையும் சல்வீனியாப் பாசியையும் சுமந்து வரும். வைகாசிக்குப் பின் சோழகம் எழுந்துவிட்டால், கழிமுகத்தில் ஆற்றின் வேகமும் கடலின் அலையும் எதிர்த்து முட்டும். அங்கே சிற்றோடத்துக்கு இடமில்லை. கரையிலிருக்கும் முதிய தெப்பக்காரரிடம், "ஐயா, இன்றைக்கு இறங்கலாமா?" என்று கேட்பது எந்தக் கருவியைக் காட்டிலும் பயன்தரும். அவர் தலையை அசைத்தால் வீடு திரும்ப வேண்டியதுதான்.

அவரிடம் கேட்பதற்கு வேறு காரணமும் உண்டு. விளையாடுபவனுக்கு மீன் ஒருநாள் மகிழ்ச்சி. கரையிலுள்ளோர்க்கு அஃது உலையிற் போடும் அரிசி. 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் இக்கடலில் தீப்பற்றி எரிந்தபோது, பிளாத்திக்குத் துகள்கள் கரையெங்கும் ஒதுங்கின, மீன்பிடியும் தடைசெய்யப்பட்டது. அந்நாட்களைக் கடந்து வந்தவர்களின் கரைவலைக்குக் குறுக்கே ஓடத்தைச் செலுத்துவதும், களப்பில் அவர்கள் இட்ட வலையின் மிதப்பைத் தூண்டிலாற் கிளறுவதும் விளையாட்டு ஆகா.

போட்டி நாளன்று குறித்த நேரத்துக்குக் கரை திரும்பாதவனின் மீன்கள் கணக்கிற் சேராமற் போகலாம். கடைசி அரைமணி நேரம் ஆகையால் மிகக் கடினமானது. நான்கு மீன்கள் அளந்தாயிற்று. ஐந்தாவது இன்னும் வரவில்லை. மேற்கே கருமுகில் திரள்கிறது. நீரின் நிறம் மாறுகிறது. அடுத்த வீச்சில் மீன் கடித்துவிடும் என்று மனம் சொல்லும். போன வீச்சிலும் அது அதையேதான் சொன்னது. தேர்ந்தவன் தங்கூசியைச் சுருட்டி, கொளுக்கியைத் தூண்டிற் கோலில் மாட்டி, துடுப்பை எடுக்கிறான். கரையில் அவன் பெயருக்கு எதிரே நான்கு மீன்கள் என்று எழுதிக்கொள்கிறார்கள்.