கோரைப்பாயும் பாரசீகக் கம்பளமும்

(திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட் பகுதியில், ஊராட்சி உறுப்பினர்களும் கோரை பயிரிடும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



இந்தக் காந்தி மார்க்கெட்டின் விலைப் போக்கை நீங்கள் நன்கறிவீர்கள். இரவில் வந்திறங்கும் கத்தரிக்காய்க்கு விடியுமுன் ஒரு விலை. வெயில் ஏறினால் வேறொரு விலை. மறுநாள் வாடிவிட்டால் கேட்பாரில்லை. பண்டம் பழையதாகுந்தோறும் விலை இறங்குவதே சந்தையின் பொது நியதி. இந்நியதிக்கு மாறாக, நூறாண்டு கடந்த பின்னும் மதிப்பு ஏறும் கிராமப் பண்டம் ஒன்று உண்டு. அதுவே ஈரான் எனப்படும் பாரசீக நாட்டின் கிராமக் கம்பளம். கோரைப்பாயைப் பற்றிப் பேச வந்த இடத்தில் கம்பளம் எதற்கு என்று ஐயுற வேண்டாம். இரண்டும் கிராமத்தார் தரையில் விரிப்பதற்குத் தம் கையால் நெய்தவை. ஒன்றின் வரலாறு மற்றொன்றுக்குப் பாடமாகும்.

பாரசீகக் கம்பளங்களில் நகரத்துப் பட்டறைகளில் நெய்தவை ஒரு வகை. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, 1539-40 ஆம் ஆண்டைச் சேர்ந்த அர்தபீல் கம்பளம் அவ்வகையில் தலைசிறந்தது. அத்தகைய கம்பளங்களுக்குச் சித்திரக்காரர் முன்னதாகவே படம் வரைந்து கொடுப்பார். கிராமத்துக் கம்பளம் அப்படியன்று. பெரும்பாலும் பெண்களே நெய்வார்கள். தாயிடம் கற்ற கோலத்தை நினைவிலிருந்தே நெய்வார்கள். ஆகையால் இடப்புறப் பூவும் வலப்புறப் பூவும் முழுதும் ஒத்திரா. இடம் எஞ்சினால் அங்கே ஒரு சேவலோ, ஒரு சீப்போ வந்து அமரும். ஹெரீஸ் வட்டாரத்தார் நகரத்தின் வளைந்த கொடிகளை நேர்கோடுகளாக மாற்றித் தமக்கென ஒரு பாணியையே வகுத்துக்கொண்டனர். நம் சேலைகளில் காணும் மாங்காய் வடிவமும் அந்நாட்டுக் கம்பளங்களில் உண்டு.

சாயமோ, மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து சிவப்பு, அவுரியிலிருந்து நீலம், மாதுளைத் தோலிலிருந்து மஞ்சள். கம்பளியைச் சிறிது சிறிதாகச் சாயமிட்டதால் ஒரே சிவப்பில் இரண்டு மூன்று சாயல்கள் தோன்றும். இதைக் குறையென்று எவரும் தள்ளவில்லை. கையால் செய்த பொருளுக்கு இதுவே சாட்சி என்று விரும்பி வாங்குகின்றனர்.

அத்தொழிலுக்கும் ஒரு சோதனை வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவான செயற்கைச் சாயங்கள் அந்நாட்டில் புகுந்தன. அக்காலத்துச் சாயங்கள் பல விரைவில் வெளுத்தன. கம்பளங்களின் நற்பெயர் கெட்டது. அச்சாயங்களைத் தடைசெய்ய அரசே முற்பட நேர்ந்தது.

இனி நம் காவிரிக் கரைக்கு வருவோம். முசிறி வட்டாரத்தில் கோரை ஒரு பயிர். பாய் ஒரு தொழில். இன்று அதற்குப் போட்டி பிளாஸ்டிக் பாய். அது இலேசானது, கழுவ எளியது, பல நிறங்களில் கிடைப்பது. விலையில் அதை வெல்ல முயல்வது வீண். விலையைக் குறைப்பதற்காகக் கோரையைத் தடிப்பாகக் கிழித்து, நிற்காத சாயமிட்டு, நெருக்கமின்றி நெய்தால், நம் பாய் தன் பெயரையும் இழக்கும், பிளாஸ்டிக்கையும் வெல்லாது. அப்பொழுது நட்டம் நெசவாளரோடு நில்லாது. கோரை பயிரிட்டவரின் வயலுக்கும் அது வந்து சேரும்.

திருநெல்வேலிச் சீமையின் பத்தமடை வேறு வழியைக் காட்டியிருக்கிறது. அங்குக் கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, மீண்டும் மீண்டும் நுண்ணிதாகக் கிழித்து, பட்டுப்போல் மடியும் பாயை நெய்கின்றனர். மணமக்களின் பெயரையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து தருகின்றனர். அந்தப் பாயை வாங்குபவர் பிளாஸ்டிக்கின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுவதில்லை.

கோரைப்பாய் கம்பளத்தைப்போல் நூறாண்டு உழைக்காது என்பது உண்மையே. ஆயினும் மக்கள் விரும்புவதற்குரிய காரணம் இரண்டிற்கும் ஒன்றே: ஊரின் கைவண்ணம், உண்மையான சாயம், திருத்தமான நெசவு. ஆதலின் சில காரியங்களை உடனே தொடங்கலாம். நீண்ட கோரையையும் குட்டைக் கோரையையும் அறுவடையின்போதே வேறாகப் பிரித்துக் கட்டுங்கள். நன்றாக உலராத கோரையை நெசவுக்குத் தராதீர்கள். அது பூஞ்சணம் பிடிக்கும். சாயமிட்ட பாயை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அது விற்பனைக்கு உரியதன்று. முதிய நெசவாளர் அறிந்த கரை வரிகளையும் கோலங்களையும் ஊராட்சி மன்றம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரைந்து காத்து வைக்கட்டும். சாயம் காய்ச்சிய நீர் வாய்க்காலில் கலவாதபடி பார்த்துக்கொள்வதும் மன்றத்தின் கடமையே. ஒவ்வொரு பாயின் ஓரத்திலும் ஊர்ப்பெயரை நெய்யுங்கள். பெயர் பொறித்தபின் மட்டமான பாயை அனுப்ப எவருக்கும் மனம் வராது.

கத்தரிக்காயின் விலையை நாளும் சந்தை நிர்ணயிக்கிறது. நம் பாயின் மதிப்பை நிர்ணயிக்கும் உரிமை பெருமளவும் நம் கையிலேயே இருக்கிறது. அவ்வுரிமையைக் கைவிடாதிருக்குமாறு உங்களை வேண்டி, இவ்வுரையை முடிக்கிறோம்.