வெட்கத்தை விடுங்கள், சிறுநீரகத்தைக் காப்பாற்றுங்கள்!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாங்கள் பேசப்போவது மூத்திரத்தைப் பற்றி. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். மேடையில் பேசத்தகாத விஷயம் என்று இதை மூடி வைத்ததால் நம்மவர்கள் பலர் அகாலத்தில் மாண்டிருக்கிறார்கள்.

நாங்கள் யார்? முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்து, சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்கள். எங்களில் ஒருவர் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். ஒருவர் கிணற்று வேலையில் மண் சரிந்து அடிபட்டவர். ஒருவர் முதுகின் மேல் பஞ்சுப் பொதி உருண்டது. இன்னொருவர் சாரம் முறிந்து விழுந்த கொத்தனார். தோப்புக்குச் சொந்தக்காரர் மரம் ஏறுவதில்லை. ஆலைக்குச் சொந்தக்காரர் பொதி சுமப்பதில்லை. ஆகவே இது நம் வர்க்கத்துக்கு வரும் விபத்து. இதைப் பற்றிய அறிவும் நம் கையில் இருக்க வேண்டும்.

மடை திறக்காத கண்மாய்

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் மூத்திரத்தைப் பிரிக்கின்றன. அது மூத்திரப் பையில் சேருகிறது. 400, 500 மில்லி நிறைந்ததும் தண்டுவடத்தின் வழியே மூளைக்குச் சேதி போகிறது. மூளை உத்தரவு கொடுத்தால் பை சுருங்கும், வாய் திறக்கும்.

தண்டுவடம் அடிபட்டால் தந்திக் கம்பி அறுந்த கதைதான். பை நிறைந்த சேதி மேலே போகாது. திறக்கும் உத்தரவு கீழே வராது. சிலருக்குப் பை தளர்ந்து தொங்கும். சிலருக்குப் பையும் இறுகும், வாயும் சேர்ந்து இறுகும். மடை திறக்காத கண்மாயில் வெள்ளம் ஏறினால் கரை உடையாதா? அப்படித்தான் அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. உணர்ச்சி இல்லாததால் வலியும் தெரியாது. கால் போனதைக் கண்டு குடும்பம் அழுகிறது. உள்ளே சிறுநீரகம் போவதை யாரும் பார்ப்பதில்லை.

1914-ல் மூண்ட முதல் உலகப் போரில் முதுகெலும்பு அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துபோனார்கள். குண்டு கொல்லாமல் விட்டவர்களை மூத்திரத் தொற்றும் படுக்கைப் புண்ணும் கொன்றன. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939-ல் தப்பி வந்த லுட்விக் குட்மன் என்ற டாக்டர், 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் இவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். மூத்திரப் பையையும் தோலையும் கவனித்தால் இவர்கள் வாழலாம், வேலையும் செய்யலாம் என்று காட்டினார். நம் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்படுவதற்கு முன்னின்று உழைத்தார். வாழ முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இரண்டு வழிகள்

முதல் வழி, உள்ளேயே தங்கியிருக்கும் குழாய். முனையில் சிறு பலூன் இருக்கும். அதில் தண்ணீர் ஏற்றியிருப்பதால் கழன்று வராது. இதை வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது என்ன? மூத்திரம் சேரும் பை எப்போதும் வயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும். மேலே தூக்கினால் பழைய மூத்திரம் உள்ளே திரும்பும். தரையில் கிடக்கக்கூடாது. பாதிக்கு மேல் நிறைந்தால் காலி செய்ய வேண்டும். குழாய் மடங்கக்கூடாது, இழுபடக்கூடாது. தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, பக்கம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இழுபட்டால் சதை அறுந்து புண்ணாகும், வலி தெரியாது. ரப்பர் குழாயைச் சுமார் மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிகான் குழாய் மூன்று மாதம் வரை வரலாம். டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டவிடாதீர்கள்.

இரண்டாவது வழி, வேளைக்கு வேளை குழாய் விட்டு மூத்திரத்தை எடுத்துவிட்டு உடனே குழாயை வெளியே எடுத்துவிடுவது. 1972-ல் அமெரிக்காவில் ஜாக் லாபிடஸ் என்ற டாக்டர் இதைப் பிரசித்தப்படுத்தினார். ஆபரேஷன் அறைச் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கையே போதும், பை அளவு மீறி நிறையாமல் இருப்பதுதான் முக்கியம் என்றார் அவர். கை வேலை செய்கிறவர்களுக்குப் பொதுவாக இதுவே மேலான வழி. நாலு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேரக்கூடாது. கையையும் இடத்தையும் கழுவி, வழவழப்புக் களிம்பு தடவி, மெதுவாக விட வேண்டும். தடுத்தால் பலவந்தம் கூடாது. சற்றுப் பொறுத்து முயல வேண்டும். ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெண்கள் ஆரம்பத்தில் கண்ணாடி வைத்துப் பழகலாம். யாருக்கு எந்த வழி என்பதை டாக்டர் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு குழாய் ஒரு தடவைக்குத்தான் என்று உறையில் போட்டிருக்கும். அதுதான் சரி. ஆனால் நாளைக்கு 5 தடவை என்றால் மாதம் 150 குழாய். எந்தக் கூலிக்காரன் வாங்குவான்? எங்களில் பலர் சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்ளும் புறமும் அலசி, உலர்த்தி, சுத்தமான மூடிய டப்பாவில் வைத்து மறுபடி உபயோகிக்கிறோம். இதை மறைத்துப் பயனில்லை. கூலிதான் எங்களை இந்த வழிக்குத் தள்ளியது. அப்படியும் ஒருவர் குழாயை மற்றவர் தொடக்கூடாது. விறைத்துப்போனதும் வெடிப்பு விட்டதும் குப்பைக்குப் போக வேண்டும்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள்

எங்கள் தோழர் ஒருவர், மரமேறி. தங்கை கல்யாணத்துக்கு ஜனங்கள் வருவார்கள், துணி நனைந்தால் நாற்றம் வீசும், பை வெளியே தெரியும் என்று பயந்தார். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். குழாயைக் கழற்றச் சொல்லிவிட்டு நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஐந்தாம் நாள் குளிர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிர் தப்பியது, ஒரு சிறுநீரகம் கெட்டது. யாரைக் குறை சொல்வது? அவரையா? “குழாய்க்காரன்” என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்த ஊரையா?

மூக்குக் கண்ணாடி வெட்கமா? ஊன்றுகோல் வெட்கமா? குழாயும் அப்படி ஒரு கருவிதான். உள்ளே தங்கும் குழாய் உள்ளவர் நாளைக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். வேளைக்கு வேளை எடுப்பவர் சுமார் 2 லிட்டரை நாள் முழுவதும் பரவலாகக் குடிக்கலாம். வேறு நோய் இருந்தால் டாக்டர் சொல்லும் அளவுதான்.

குழாய் உள்ளவர் மூத்திரத்தில் எப்போதும் கொஞ்சம் கிருமி இருக்கும். அதற்காகக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். பிறகு தேவையான நாளில் மருந்து கேட்காது. காய்ச்சல், குளிர், கால் வெட்டி இழுப்பது அதிகமாவது, திடீரென்று ஒழுக்கு—இவை வந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் வருஷம் ஒருமுறை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தேவை.

கழுத்திலும் மார்பின் மேல்பகுதியிலும் அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. குழாய் அடைத்தால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். மண்டையைப் பிளக்கும் வலி, முகம் சிவப்பது, வியர்வை—இவைதான் அடையாளம். படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். துணியைத் தளர்த்துங்கள். குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இல்லாதவர் என்றால் உடனே மூத்திரத்தை எடுங்கள். வலி தணியாவிட்டால் நிமிஷம் தாமதியாமல் ஆஸ்பத்திரி. இதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறோம். விழுந்தவரைத் தோளிலும் காலிலும் பிடித்து மடக்கித் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தூக்கியே ஆக வேண்டுமானால் நாலைந்து பேர் சேர்ந்து, கழுத்தும் முதுகும் வளையாமல், பலகையில் கிடத்துங்கள்.

நமது கோரிக்கைகள்

தோழர்களே! அறிவு மட்டும் போதுமா? குழாய் வாங்கக் காசு வேண்டாமா? ஆலைத் தொழிலாளிக்கு 1948-ல் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்தால் ஏதோ ஒரு கதவு திறந்தது. வயலில் உழைப்பவருக்கும் மரம் ஏறுபவருக்கும் அந்தக் கதவும் இல்லை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடி வருகிறது, நல்லது. அதோடு குழாயும் பையும் களிம்பும் தேவையான எண்ணிக்கையில், தவறாமல், இலவசமாக வரட்டும்! நஷ்டஈடு கணக்குப் போடும்போது போன காலை மட்டும் எண்ணாமல், ஆயுள் முழுவதும் வாங்க வேண்டிய குழாயையும் எண்ணட்டும்!

2016-ன் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களில் எங்களுக்கு வழி இருக்க வேண்டும் என்கிறது. நாற்காலி நுழையும் கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை பஸ் நிலையத்தில் எங்கே? ஆலையில் எங்கே? இது எங்களுக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. இயந்திரத்தின் முன்னே மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்கும் சகோதரியின் கோரிக்கையும் இதுதான். மறைவிடம் தேடி இருட்டும் வரை காத்திருக்கும் நாற்று நடும் தாயின் கோரிக்கையும் இதுதான்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊரில், உங்கள் தெருவில், உள்ளறையில் படுத்துக் கிடக்கும் ஒருவர் இருப்பார். நாளைக்கே போய்ப் பாருங்கள். “சாப்பிட்டாயா?” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். “குழாய் எப்போது மாற்றினாய்? தண்ணீர் குடிக்கிறாயா?” என்று கேளுங்கள். பிறகு அவரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். அவர் பேசட்டும், நாம் கேட்போம்.